உயரம் சரி, அகலம்?

நாமக்கல்,
ஞாயிறு இரவு

அன்புள்ள கண்ணு,

நேற்று போனில் உனக்குச் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அந்தப் பக்கம் நீ டயர் கணக்கு சொல்கிறாய், இந்தப் பக்கம் அம்மா, “ரெண்டே சீட்டு வண்டியாமே, நாம ரெண்டு பேரும் போனா இவ எங்க உக்காருவா?” என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். எப்படியும் டயர் எண்களை வாயால் சொன்னால் நிற்காது. அதனால் எழுதுகிறேன்.

வண்டி வாங்கினதற்குத் திட்டினேன், அதை மறந்துவிடு. 2002 மாடல் ஹோண்டா எஸ்2000 என்றதும் பழைய வண்டிக்கு எதற்கு இவ்வளவு பணம் என்றுதான் எனக்குத் தோன்றியது. அப்புறம் படித்துப் பார்த்தேன். இரண்டு லிட்டர் இன்ஜின், 240 குதிரைத்திறன், இன்ஜின் நிமிடத்துக்கு 9,000 சுற்று வரை போகிறதாம். நம்மூர் லாரி இன்ஜின் மூவாயிரத்தைத் தொட்டாலே டிரைவரைக் கூப்பிட்டுத் திட்டுவோம். சரி, உன் பணம், உன் ஆசை.

உன் ஊர்க் கடைக்காரர் சொன்னதற்கு வருகிறேன். வண்டியோடு வந்த ரிம்மில் கம்பெனி அளவு முன்னால் 205/55 ஆர்16, பின்னால் 225/50 ஆர்16. பின் அளவில் நல்ல டயர் அதிகம் இல்லை, விலையும் கூட, நான்கிலும் 205 போட்டுக்கொள்ளுங்கள், முன்னும் பின்னும் மாற்றிப் போட்டு ஓட்டலாம் என்கிறார். உயரம் எல்லாம் ஒன்றுதான் என்கிறார்.

அவர் பொய் சொல்லவில்லை. நோட்டில் போட்டுப் பார்த்தேன். 205 என்பது அகலம், மில்லிமீட்டரில். 55 என்பது அதில் இத்தனை சதவீதம் பக்கச்சுவர் உயரம் என்று அர்த்தம். பலர் அதையும் மில்லிமீட்டர் என்று நினைத்துக்கொள்வார்கள். 205-இல் 55 சதவீதம் 112.75. மேலும் கீழும் சேர்த்து 225.5. நடுவில் 16 அங்குல ரிம், அதாவது 406.4. மொத்த உயரம் 631.9 மில்லிமீட்டர். பின் டயருக்கும் இதே கணக்கைப் போட்டால் 631.4. அரை மில்லிமீட்டர்தான் வித்தியாசம்! ஸ்பீடோமீட்டர் மாறாது, பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் ஏபிஎஸ்ஸும் குழம்பாது. 205 டயர் உன் பின் ரிம்மிலும் உட்காரும். பின் ரிம்மின் அகலம் 7.5 அங்குலம், அந்த டயருக்கு அதுதான் மேல் வரம்பு.

அதனால் முதல் நாள் நானும் கடைக்காரர் சொல்வது சரி என்றே நினைத்தேன். முப்பது வருஷமாக லாரி டயரில் கிடந்தவன் புத்தி அப்படித்தான் போகும். லாரிக்குப் பின்னால் ஜோடி டயர். ஜோடியில் ஒன்று உயரமாகவும் ஒன்று கட்டையாகவும் இருந்தால் பாரம் முழுக்க உயரமானதன் மேல் உட்காரும், சூடேறும், வெடிக்கும். நீ ஆறாவது படிக்கும்போது நம் கடையிலேயே பையன் ஒருவன் புது டயருக்கு ஜோடியாகத் தேய்ந்துபோன ரீட்ரெட் டயரை, அதாவது பழைய டயர் மேல் புது ரப்பர் ஒட்டினதை, பூட்டிவிட்டான். நான் பில் போட்டுக்கொண்டிருந்தேன், பார்க்கவில்லை. தொப்பூர் கணவாய் ஏறுவதற்கு முன்பே புதுசு வெடித்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அன்றிலிருந்து உயரத்தைத் தவிர வேறெதையும் என் கண் பார்ப்பதில்லை.

ஆனால் உன் வண்டியில் விஷயம் அகலத்தில் இருக்கிறது. பின் சக்கரம்தான் வண்டியைத் தள்ளுகிறது, அதனால் அங்கே 20 மில்லிமீட்டர் கூடுதலாகக் கொடுத்திருக்கிறார்கள். வளைவில் முன் டயர் பிடி விட்டால் வண்டி திரும்பாமல் வெளிப்பக்கம் போகும். ஆக்ஸிலரேட்டரில் இருந்து காலை மெல்ல எடுத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். பின் டயர் விட்டால் வால் சுற்றிக்கொண்டு வரும். பயந்து சட்டென்று காலை எடுத்தால் பாரம் முன்னால் போய், பின்னால் இருக்கிற கொஞ்சம் பிடியும் போகும். யாருக்கும் அந்த நேரத்தில் காலை எடுக்கத்தான் தோன்றும். உன் ஊரில் விற்ற எஸ்2000-இல் வழுக்கும்போது வண்டியைத் தானே பிடித்து நிறுத்தும் மின்னணு ஏற்பாடு 2006 மாடலில்தான் வந்தது. உன்னுடையதில் இல்லை. நான்கிலும் 205 போட்டால் பின்பக்கத்துப் பிடியை மட்டும் குறைக்கிறாய், அதுவும் அக்டோபரில் ஆரம்பித்தால் வசந்தம் வரை விடாத உங்கள் போர்ட்லாந்து மழையில்.

நான்கிலும் 225 போட்டால் என்ன என்று நீ கேட்டாய். அதையும் பார்த்தேன். முன் ரிம்மின் அகலம் 6.5 அங்குலம், அதில் 225/50 உட்காரும். பந்தயத் திடலில் ஓட்டுகிறவர்கள் அப்படிப் போடுவதுண்டு. ஆனால் முன்னால் பிடி கூடிப் பின்னால் அப்படியே இருந்தால், முதலில் வழுக்கப்போவது மறுபடியும் வால்தான்.

எனக்கு நம்பிக்கை வந்தது ஹோண்டாவே செய்ததைப் பார்த்துத்தான். 2004-இல் 17 அங்குல ரிம்முக்கு மாறியபோது முன்னால் 215/45, பின்னால் 245/40 கொடுத்தார்கள். முன்னுக்கும் பின்னுக்கும் இடைவெளி 20-இல் இருந்து 30 ஆகிவிட்டது. சஸ்பென்ஷனையும் அடங்கி நடக்கிற மாதிரி மாற்றினார்கள். வண்டியைச் செய்தவனே பின்பக்கத்துக்குக் கூட்டியிருக்கும்போது நாம் ஏன் குறைக்க வேண்டும்?

அதனால் கம்பெனி அளவையே தேடு. ஒரு வாரம் காத்திருந்தாலும் பரவாயில்லை. பின்னால் 225/50 கிடைக்கவே இல்லை என்றால் 245/45 ஆர்16 பார். உயரம் 626.9 வருகிறது, நாலரை மில்லிமீட்டர்தான் குறைவு. 7.5 அங்குல ரிம் அந்த டயருக்குக் கீழ் வரம்பு, அதனால் தயாரிப்பாளரின் அட்டவணையில் அந்த மாடலுக்கு 7.5 இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள். முன்னால் 205-ஐ மாற்றாதே. முன்னையும் பின்னையும் மாற்றிப் போட முடியாதுதான், பின் டயர் சீக்கிரம் தேயும்தான். அந்தச் செலவை வண்டி விலையோடு சேர்த்துக்கொள்.

நான்கும் ஒரே கம்பெனி, ஒரே மாடலாக இருக்கட்டும். பின்னால் இரண்டும் கட்டாயம் ஒரே தேய்மானத்தில் இருக்க வேண்டும். உன் வண்டியில் பின் சக்கரம் இரண்டுக்கும் இன்ஜின் விசையைப் பிரித்துக் கொடுப்பது டோர்சன் வகை டிஃபரன்ஷியல், இரண்டு பக்கமும் வேறு வேறு உயரம் என்றால் நேர் ரோட்டிலும் அது ஓயாமல் உழைத்துத் தேயும். பாரத்துக்கும் வேகத்துக்கும் டயரில் ஓர் எண்ணும் எழுத்தும் இருக்கும். 91 என்றால் ஒரு டயர் 615 கிலோ தாங்கும், ‘வி’ என்றால் மணிக்கு 240 கிலோமீட்டர், ‘டபிள்யூ’ என்றால் 270. பழைய டயரில் இருப்பதைவிடக் குறையாமல் வாங்கு.

தள்ளுபடி என்று சொன்னால் மட்டும் உடனே தேதியைப் பார். பக்கச்சுவரில் ‘டிஓடி’ என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கம்: 2319 என்றால் 2019-ஆம் வருஷம் 23-ஆவது வாரம் செய்தது. அரிதாக விற்கிற அளவு கடையில் வருஷக்கணக்கில் கிடக்கும். பட்டன் புதுசாகத் தெரியும், ரப்பர் கட்டை மாதிரி இறுகியிருக்கும். இதே மாதிரி சரக்கை ஒரு காலத்தில் என் தலையிலும் கட்டியிருக்கிறார்கள்.

கோடை டயரா, எல்லாப் பருவத்துக்குமா என்றும் கேட்டிருந்தாய். வெயில் காலத்தில் மட்டும் வெளியே எடுக்கிற வண்டி என்றால் கோடை டயர். தினமும் ஆபீஸுக்கு இதுதான் என்றால் எல்லாப் பருவ டயர் போடு. 7 டிகிரிக்குக் கீழே போனால் கோடை டயர் ரப்பர் இறுகிவிடும், பனியில் அதை வெளியே எடுக்கவே கூடாது.

ஒரு வேலை பாக்கி இருக்கிறது. பழைய டயரைக் கழற்றுவதற்கு முன்னால், பின் டயர் இரண்டின் உள்விளிம்பையும் படம் எடுத்து அனுப்பு. இந்த வண்டியில் உள்பக்கம்தான் முதலில் தேயும், வெளியே நின்று பார்த்தால் நன்றாக இருப்பது போலவே இருக்கும். உள்ளே ரப்பர் தேய்ந்து கம்பி தெரிந்தால், சக்கரம் சரியான கோணத்தில் நிற்கிறதா என்று அலைன்மென்ட் பார்க்காமல் புது டயரைப் பூட்டாதே. சனிக்கிழமை காலை உனக்கு எட்டு மணி என்றால் எனக்கு இரவு எட்டரை, விழித்துத்தான் இருப்பேன். கடையில் இருந்தே கூப்பிடு, கடைக்காரரிடமும் பேச வேண்டும் என்றால் நீ மொழிபெயர்த்துச் சொல்.

அன்புடன்,
அப்பா