ஆர்மீனியம் பாரசீகத்தின் கிளை அல்ல

ஆசிரியருக்கு, வணக்கம்.

சென்னை அர்மேனியன் தெருவைப் பற்றியும், 1794இல் இந்த ஊரில் அச்சான உலகின் முதல் ஆர்மீனிய இதழ் ‘அஸ்தரார்’ பற்றியும் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். ஆனால் ‘பாரசீகத்தின் கிளைமொழியான ஆர்மீனியம்’ என்று போகிற போக்கில் எழுதியிருப்பதை அப்படியே விட மனம் வரவில்லை. 19ஆம் நூற்றாண்டில் மொழியறிஞர்களே பலர் அப்படித்தான் நம்பினார்கள். அந்த மொழியில் பார்த்தியம் என்ற பழைய ஈரானிய மொழியின் சொற்களும் பாரசீகச் சொற்களும் அவ்வளவு மண்டிக் கிடந்தன. அவையெல்லாம் கடன் வாங்கியவை, ஆர்மீனியம் இந்தோ ஐரோப்பியக் குடும்பத்தில் தனிக் கிளை என்று 1875இல் காட்டியவர் ஜெர்மானிய அறிஞர் ஹைன்ரிஷ் ஹுப்ஷ்மான்.

கண்ணைக் குறிக்கும் சொல்லையே பாருங்கள். பாரசீகத்தில் ‘சஷ்ம்’, ஆர்மீனியத்தில் ‘அச்க்’. பழைய ஆர்மீனியத்தில் ஒரு கண் என்றால் ‘அக்ன்’, கண்கள் என்றால்தான் ‘அச்க்’. கடைசியில் உள்ள ‘க்’ பன்மை விகுதி. இரண்டு கண்ணையும் சேர்த்தே பேசிப் பேசி, பன்மையே ஒருமையாகி நிலைத்துவிட்டது. இன்று கண்கள் என்று சொல்ல, அதன்மேல் இன்னொரு விகுதியை ஏற்றி ‘அச்கெர்’ என்கிறார்கள். கை, கால் இவற்றுக்கான சொற்களும் இப்படியே. லத்தீன் ‘ஓகுலுஸ்’, வடமொழி ‘அக்ஷி’ இரண்டும் இந்த ‘அக்ன்’ சொல்லின் உறவுகள். மீனாட்சி, காமாட்சி என்ற பெயர்களில் நாம் தினமும் சொல்லும் ‘அட்சி’ அந்த அக்ஷிதான்.

பழைய ‘அக்ன்’ சொல்லும் அழிந்துவிடவில்லை. மூக்குக் கண்ணாடிக்குப் பெயர் ‘அக்னோத்ஸ்’. நாம் ஊற்றுக்கண் என்கிறோமே, அதுபோல் நீரூற்றுக்கும் அவர்கள் ‘அக்ன்’ என்றே சொன்னார்கள். அந்தப் பொருளில் பன்மை வேறு: ‘அகுங்க்’.

வழக்கில் இந்தச் சொல் படும் பாடு இன்னும் அழகு. பிள்ளை பெற்ற வீட்டாரையும், வெளியூர் போன மகன் திரும்பி வந்த தாயையும் ‘அச்கத் லுய்ஸ்’, உன் கண்ணுக்கு ஒளி, என்று வாழ்த்துகிறார்கள். ஓர் உதவி கேட்டால் ‘அச்கிஸ் வ்ரா’, என் கண்மேல், என்று மனதார ஒப்புக்கொள்கிறார்கள். கண்ணேறு படாமல் குழந்தைக்கு நீலமணி அணிவிக்கும் வழக்கமும் உண்டு.

கட்டுரையாளர் மேலும் அறிய விரும்பினால், ஹ்ராச்சியா அச்சார்யான் தொகுத்த ஆர்மீனிய வேர்ச்சொல் அகராதியைப் பார்க்கலாம். அடுத்த இதழில் ஒரு சிறு திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
வாசகர் ஒருவர், சென்னை