முதலில் எர்த்தைப் பார்

திண்டுக்கல்
ஞாயிறு மதியம்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பெரியவளுக்கு வரன் முடிந்த சேதியைப் படித்த அன்றே பதில் போட்டிருக்க வேண்டும். கோபித்துக்கொள்ளாதே. தேதி குறித்ததும் சொல்லு, இரண்டு நாள் முன்னாடியே ஓசூர் வந்துவிடுகிறோம். அம்மாவுக்கு மூட்டு வலி தேவலையா? இங்கே எல்லாரும் சுகம். சின்னவன் கல்லூரியில் கடைசி வருடம். வீட்டுக்கு வருவது தூங்குவதற்கு மட்டும்.

தாமதத்துக்குக் காரணம் கார். போன தை மாதம் ஒரு பழைய ஸ்விஃப்ட் வாங்கினேன் என்று போனில் சொன்னேன் அல்லவா, 2013 மாடல் டீசல். விற்றவர் ஸ்டீரியோவையும் நாலு ஸ்பீக்கரையும் கழற்றி எடுத்துக்கொண்டுதான் சாவியைக் கொடுத்தார். டேஷ்போர்டு நடுவில் ஒரு பொந்து, அதிலிருந்து தொங்கும் வயர்கள். வாரம் இரண்டு தடவை வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் ஏறி இறங்குகிறவனுக்கு அது எப்படி இருக்கும், யோசித்துப் பார். கொஞ்ச நாள் செல்போனை எவர்சில்வர் தம்ளருக்குள் போட்டுக் கேட்டேன். சத்தம் கூடியது, ஆனால் எல்லாப் பாடகர்களும் கிணற்றுக்குள் இருந்து பாடினார்கள்.

நீயும் வண்டி எடுக்கப்போவதாகவும், பாட்டுக்கு என்ன வைக்கலாம் என்றும் கேட்டிருந்தாய். பாலிடெக்னிக் விடுதியில் 4440 என்கிற ஆம்ப்ளிஃபயர் ஐ.சி. போர்டை வைத்து ஊருக்கே ஆம்ப் செய்து கொடுத்தவன் என்னிடம் கேட்கிறாய். சரி, நான் பட்டதை எழுதுகிறேன். எங்கே தப்பு இருக்கிறதோ அங்கே திட்டு.

முதலில் உள்ளூரில் ஒரு கடைக்குப் போனேன். கடைப் பையன் நேராக ஒரு பேஸ் டியூபை, அதாவது தாழ்ந்த ஒலிக்கான ஸ்பீக்கரையும் ஆம்பையும் அடைத்த குழாயை, தூக்கிக் காட்டினான். மேலே பெரிய எழுத்தில் 5000 வாட்ஸ். "அதுக்கு எத்தனை ஆம்பியர் ஃபியூஸ் தம்பி?" என்று கேட்டேன். 15 என்றான். பன்னிரண்டு வோல்ட்டும் பதினைந்து ஆம்பியரும் பெருக்கினால் 180. மீதி 4820 வாட்ஸ் எங்கிருந்து வரும் என்று கேட்டதற்கு, "அது பி.எம்.பி.ஓ. சார்" என்றான். ஒரு கணம் எட்டுவதாகச் சொல்லும் உச்ச சக்தி; நம் காலத்து டூ-இன்-ஒன் ரேடியோ-டேப் அட்டைப்பெட்டியில் இருந்த அதே நான்கெழுத்துப் பொய் இன்னும் உயிரோடு இருக்கிறது. தொடர்ந்து தருகிற சக்தியைச் சொல்வது ஆர்.எம்.எஸ்., அப்படிப் போட்டிருக்கிற எண்ணை மட்டும் படி, மற்றதையெல்லாம் அட்டைப்பெட்டி அலங்காரம் என்று வைத்துக்கொள்.

ஸ்டீரியோவிலும் இதே கதை. தலா 50 வாட்ஸ், நாலு ஸ்பீக்கருக்கு நாலு சேனல் என்று எழுதியிருக்கும். வண்டி ஓடும்போது பேட்டரியில் 14.4 வோல்ட் இருப்பதாகவே வைத்துக்கொண்டாலும், 4 ஓம் ஸ்பீக்கரில் சுத்தமான சைன் அலையாக 26 வாட்ஸுக்கு மேல் வர வழியில்லை. கையில் கிடைப்பது இருபதுக்குக் கீழேதான். விடுதி அறைக்கு அது ஏராளம். 4440-இன் இரண்டு சேனலையும் ஒன்றாக்கி நீ பிரிட்ஜ் போட்டபோது வந்ததே 19 வாட்ஸ்தான், அதற்கே வார்டன் மாடி ஏறி வருவார். ஆனால் என் டீசல் எஞ்சினும் டயரும் போடும் இரைச்சலுக்கு மேலே பாட்டு எழும்ப வேண்டுமே. அதனால் தனி ஆம்ப். அதற்குள் 12 வோல்ட்டை உயர்த்திக் கொடுக்கும் பவர் சப்ளை இருப்பதால், சேனலுக்கு 60 வாட்ஸ் நிஜமாகவே வரும்.

சென்னைக்கு ஒரு வேலையாகப் போனபோது ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் ஒரு நாள் முழுக்கச் சுற்றினேன். அங்கே கார் சாமான் கடை கடையாக ஏறி இறங்கியதில் கடைசியில் என் திட்டம் இப்படி ஆனது. முன் கதவுகளில் ஆறரை அங்குல கம்போனென்ட் ஸ்பீக்கர், கீச்சு ஒலிக்கான சின்ன ஸ்பீக்கர், அந்த ட்வீட்டர் தனியாக. நாலு சேனல் ஆம்ப் ஒன்று. அதில் இரண்டு சேனல் முன்பக்கத்துக்கு, மீதி இரண்டையும் பிரிட்ஜ் செய்து டிக்கியில் பேஸுக்கென்றே ஒரு பத்து அங்குல சப்ஊஃபருக்கு. பின் கதவுகளுக்கு ஸ்பீக்கர் கிடையாது. இதைச் சொன்னதும் கடைக்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். எந்தக் கச்சேரிக்காவது மேடைக்கு முதுகைக் காட்டி உட்காருவோமா? பாட்டு முன்னாலிருந்து வந்தால் போதும். அந்தப் பணத்தில் தகரம் அதிராமல் தடுக்கிற டேம்பிங் ஷீட் வாங்கினேன்.

அந்த ஷீட்டைப் பற்றித்தான் உனக்கு விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் அது உன் பானைதான்.

ஞாபகம் இருக்கிறதா, வெறும் ஸ்பீக்கரைக் கையில் பிடித்துக் கேட்டால் தகரம் மாதிரி கேட்கும், அதையே மண்பானை வாயில் கவிழ்த்து வைத்ததும் பேஸ் வரும். கோனுக்கு முன்னால் காற்று அழுந்தும்போது பின்னால் விரிகிறது, இரண்டும் சந்தித்தால் ஒன்றையொன்று தின்றுவிடும், அதனால் பின்பக்கக் காற்றைப் பானைக்குள் அடைக்கிறோம் என்று சுண்ணாம்பால் சுவரில் படம் போட்டுக் காட்டினாய். கார் கதவின் உள் அட்டையைக் கழற்றிப் பார்த்தபோது அந்தச் சுவர்தான் நினைவுக்கு வந்தது. உள்ளே இருக்கும் தகரத்தில் கை நுழையும் அளவுக்கு ஓட்டைகள். அதன்மேல் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஸ்பீக்கரானாலும், ஓட்டைப் பானையில் வைத்தால் என்ன ஆகும்?

வெளித் தகரத்தின் உள்பக்கம் ஷீட் ஒட்டினோம். தட்டினால் 'டங்' என்றது 'தொப்' என்று மாறியது. பிறகு உள் தகரத்து ஓட்டைகளை அடைத்தோம். ஷீட் வாங்கும்போது பியூட்டைல் ரப்பரா என்று கேட்டு வாங்கு. தார் ஷீட் பாதி விலைக்குக் கிடைக்கும், ஆனால் சித்திரை வெயிலில் வண்டியை நிறுத்திவிட்டு வந்தால் ரோடு போடுகிற இடத்தில் உட்கார்ந்த மாதிரி நாறும், இளகியும் வரும். இன்னொன்று, கதவின் அடியில் மழைத்தண்ணீர் வெளியேறச் சின்னத் துளைகள் இருக்கும். ஆர்வத்தில் அதையும் அடைத்துவிடாதே. எங்கள் ஆள் இடது கதவில் ஒன்றை அடைத்துவிட்டான். முதல் மழைக்குப் பிறகு வளைவில் திரும்பும்போதெல்லாம் கதவுக்குள் குடம் தளும்பியது. என் மனைவி அதைப் பாட்டில் வரும் ஜலதரங்கம் என்று நினைத்திருக்கிறாள்.

ஸ்பீக்கர் வாங்கும் முன் கதவுக்குள் இருக்கும் ஆழத்தை அள. கண்ணாடியை முழுக்கக் கீழே இறக்கிவிட்டு அளக்க வேண்டும். நான் ஏற்றி வைத்துக்கொண்டு அளந்தேன். அந்தக் கதையை நேரில் சொல்கிறேன்.

வயரிங்கில் ஒரு நல்ல காலம், இப்போது எல்லாவற்றுக்கும் செருகினாலே போதுகிற கப்ளர் கிடைக்கிறது. வண்டியின் வயரை எங்கேயும் வெட்ட வேண்டியதில்லை, நீ புது வண்டி எடுப்பதால் வாரண்டிக்காகவாவது இதில் பிடிவாதமாக இரு. ஸ்டீரியோ வயர்களின் நிறம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். மஞ்சள் பேட்டரியிலிருந்து எப்போதும் வருவது, சிவப்பு சாவி போட்டால் வருவது, கறுப்பு எர்த் (வண்டித் தகரத்தோடு சேர்கிற மைனஸ்), நீலத்தில் வெள்ளைக் கோடு போட்டது ஆம்பை எழுப்புகிற ரிமோட். பவர் கேபிளை வெட்டி நுனியைச் சுரண்டிப் பார். மேலே செம்பும் உள்ளே வெள்ளையும் தெரிந்தால் அது அலுமினியத்துக்குச் செம்புப் பூச்சு. நான் சுத்தச் செம்பில் 8 கேஜ் பருமனில் போட்டேன். வயருக்குமேல் உறையும் போட்டேன், எங்கள் தெரு எலிகளுக்கு கார் வயர் என்றால் கொள்ளைப் பிரியம்.

மாட்டிய ஆள் மெயின் ஃபியூஸை ஆம்புக்குப் பக்கத்தில், சீட்டுக்கு அடியில் வைத்திருந்தான். மாற்றடா என்றேன். "ஆம்புக்குப் பாதுகாப்பு சார்" என்றான். அந்த ஃபியூஸ் ஆம்புக்கு இல்லை, வயருக்கு. பேட்டரியிலிருந்து சீட்டு வரை வருகிற வழியில் எங்காவது தகரத்தில் உரசித் தோல் கிழிந்தால், ஃபியூஸ் இந்தக் கோடியில் இருந்து என்ன பிரயோஜனம்? நடுவில் வயர் பற்றி எரியும். பேட்டரியிலிருந்து ஒரு முழத்துக்குள் இருக்க வேண்டும். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மாற்றிக் கொடுத்தான்.

எல்லாம் மாட்டி, காசு எண்ணிக் கொடுத்து (ஸ்டீரியோ, ஸ்பீக்கர், ஆம்ப், சப்ஊஃபர் பெட்டி, ஷீட், வயர், கூலி எல்லாம் சேர்த்து 41,000 ஆனது, வீட்டில் 25 என்று சொல்லியிருக்கிறேன், கல்யாணத்தில் உளறிவிடாதே) வண்டியைக் கிளப்பினேன். பாட்டோடு சேர்ந்து ஒரு 'ஙொய்ங்'. ஆக்சிலரேட்டரை மிதித்தால் அதுவும் சுருதி ஏறுகிறது. விட்டால் இறங்குகிறது. கொசு ஒன்று காதுக்குள் குடியிருப்பதுபோல.

கடையில் கேட்டால் ஒரு நாய்ஸ் ஃபில்டர் போட்டுவிடலாம், 600 ரூபாய் என்றார்கள். வேண்டாம் என்று வந்துவிட்டேன். ராத்திரி பத்து மணிக்கு டார்ச்சோடு வண்டிக்குள் படுத்துக் கிடந்தபோது, கோயில் கொடையில் மைக் செட் இரைந்தபோதெல்லாம் நீ சொன்னது ஞாபகம் வந்தது: "எல்லாத்தையும் விடு, முதல்ல எர்த்தைப் பாரு." சீட்டை நகர்த்திப் பார்த்தால், ஆம்பின் எர்த் வயரைப் பெயின்ட் அடித்த தகரத்தின்மேல் ஒரு சின்ன ஸ்க்ரூ போட்டு முறுக்கி வைத்திருக்கிறான். கை வைத்தால் ஆடுகிறது. மறுநாள் அந்த இடத்துப் பெயின்ட்டை உப்புத்தாளால் தகரம் பளபளக்கும்வரை தேய்த்து, வயர் நுனிக்கு உலோக வளையமான லக் வைத்து, நட்டு போல்ட்டால் இறுக்கினேன். துருப்பிடிக்காமல் இருக்க மேலே கொஞ்சம் கிரீஸ். இரைச்சல் முக்கால்வாசி போய்விட்டது. மீதி, ஸ்டீரியோவிலிருந்து ஆம்புக்குப் பாட்டைக் கொண்டுபோகும் ஆர்.சி.ஏ. வயரும் பவர் கேபிளும் ஒரே பக்கமாக ஒட்டிப் படுத்திருந்ததால். ஆர்.சி.ஏ.வை எடுத்து வலது ஓரமாகக் கொண்டுபோனேன். கொசு செத்தது. வசதியாக இருக்கிறதே என்று சீட் பெல்ட் போல்ட்டில் மட்டும் எர்த்தைக் கொடுத்துவிடாதே, அது உயிரைக் காக்கிற போல்ட்.

ஆம்பில் கெயின் என்று ஒரு திருகு இருக்கிறது, ஸ்டீரியோ தருகிற சிக்னலுக்கு ஆம்பைப் பொருத்திவைக்க. எல்லாரும் அதை இன்னொரு வால்யூம் என்று நினைத்து முழுக்கத் திருகிவிடுகிறார்கள், ட்வீட்டர் கருகுவது அதனால்தான். நான் ஸ்பீக்கர் வயரைக் கழற்றிவிட்டு, ஸ்டீரியோவை முக்கால் வால்யூமில் வைத்து, 200 ஹெர்ட்ஸ் டோன் ஓடவிட்டு, மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்துப் பார்த்தேன். 60 வாட்ஸை 4 ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் பதினைந்தரை வோல்ட். முள் அங்கே வந்ததும் நிறுத்திவிட வேண்டியது. முன் ஸ்பீக்கருக்கு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைத் தடுத்துவிட்டு, அதை சப்ஊஃபரிடம் ஒப்படைத்தேன். ஸ்பீக்கர்களில் ஒன்று பிளஸ் மைனஸ் மாறியிருக்கிறதா என்று நீ சொல்லிக்கொடுத்தபடி ஒரு டார்ச் பேட்டரியைத் தொட்டு வைத்துப் பார்த்தேன். கோன் எல்லாமே வெளியே எம்பியது. சந்தோஷம்.

கடைசியாக ஒரு புது விஷயம், நம் காலத்தில் இல்லாதது. டைம் அலைன்மென்ட் என்று ஸ்டீரியோவிலேயே இருக்கிறது. ஓட்டுகிறவனுக்கு வலது ஸ்பீக்கர் பக்கத்தில், இடது ஸ்பீக்கர் தூரத்தில். என் சீட்டிலிருந்து டேப் வைத்து அளந்ததில் அரை மீட்டர் வித்தியாசம். ஒலி ஒரு மில்லிசெகண்டில் 34 சென்டிமீட்டர் போகிறது, ஆகவே வலது பக்கத்தை ஒன்றரை மில்லிசெகண்ட் தாமதப்படுத்தினேன். மாப்ள, அந்த நிமிடம் இருக்கிறதே! வலது முழங்காலுக்குப் பக்கத்தில் பாடிக்கொண்டிருந்த பாடகி எழுந்து போய் டேஷ்போர்டு நடுவில், கண்ணாடிக்கு எதிரே நின்றுகொண்டு பாடினார். வலப்பக்கம் தபேலா, இடப்பக்கம் வயலின். அன்று டம்டம் பாறை பக்கத்தில் வண்டியை ஓரம் கட்டி அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் வீட்டுக்காரியை அழைத்துப் போய்ப் போட்டுக் காட்டினேன். இரண்டு பாட்டு கேட்டுவிட்டு, "எல்லாம் என் பக்கத்து ஜன்னலுக்கு வெளியே யாரோ பாடுற மாதிரி இருக்கு, இதுக்கா இவ்வளவு செலவு?" என்றாள். அவள் சொன்னதும் சரிதான். அவளுக்கு இடது ஸ்பீக்கர் ஏற்கெனவே பக்கம், நான் வலதை இன்னும் தள்ளிவைத்துவிட்டேன். இப்போது இரண்டு செட்டிங் சேமித்து வைத்திருக்கிறேன். அவள் வண்டியில் ஏறும்போது கதவு மூடுவதற்குள் மாற்றிவிடுகிறேன். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு நடுச்செட்டிங் கிடைக்குமா என்று நீதான் வந்து பார்த்துச் சொல்ல வேண்டும்.

அது இருக்கட்டும். கல்யாணத்துக்கு மைக் செட் யாரிடம் சொல்லியிருக்கிறாய்? இன்னும் சொல்லவில்லையென்றால் நான் வரும்வரை பொறு. சொல்லிவிட்டாய் என்றாலும் பரவாயில்லை, உப்புத்தாளை எடுத்துக்கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
பாண்டி