ஹீட்டரைச் சுவரிலேயே குத்து மகள்

அன்பு மகளுக்கு,

நேற்று நீ அனுப்பிய போர்டிங் அறைப் படத்தில் அம்மா ஜன்னல் சீலையைப் பார்த்தாள், நான் கட்டிலுக்குக் கீழே பார்த்தேன். ஒரே மல்டி பிளக்கில் ஹீட்டர், கேத்தல், போன் சார்ஜர், அதற்கு மேல் கம்பளியின் ஓரம் வேறு விழுந்து கிடக்கிறது. நுவரெலியாக் குளிர் எனக்குத் தெரியும், ஹீட்டர் போடாதே என்று சொல்ல மாட்டேன், ஆனால் அதைச் சுவரில் இருக்கிற பொயின்டில் நேராகக் குத்து.

பெக்டரியில் மோட்டார் பக்கம் இத்தனை வருஷம் நின்றவன் சொல்கிறேன். 13 அம்பியர் பொயின்ட், 230 வோல்ட், பெருக்கினால் கிட்டத்தட்ட 3000 வாட். உன் ஹீட்டரே 2000 இருக்கும், கேத்தலும் அதே அளவு இழுக்கும், ரெண்டும் சேர்ந்தால் பொயின்ட் தாங்குவதைத் தாண்டிவிடும். மல்டி பிளக்கில் ஆறு ஓட்டை இருந்தாலும் எல்லாக் கரண்டும் அந்த ஒரு வயரில்தான் போக வேண்டும். பின்பக்கம் திருப்பி எத்தனை அம்பியர் என்று பார், ஒன்றும் எழுதவில்லை என்றால் சார்ஜருக்கும் லாம்புக்கும் மட்டும் வைத்துக்கொள்.

ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதே என்பாய். அது கரண்ட் ஒழுகினால்தான் விழும், பிளக் தளர்ந்து சூடேறுவது அதற்குத் தெரியாது. தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீட்டில் இருந்தபோது, துணி தேய்க்கிற அயனின் ரெண்டு கால் பிளக்கை, பொயின்டின் எர்த் ஓட்டையில் பேனையை விட்டுத் திறந்து செருகுவோமே, ஞாபகமா? ஒருநாள் ராத்திரி மீன் கருகுகிற மாதிரி வாடை, அம்மா கருவாடு என்று அடுப்படிக்குப் போய்ப் பார்த்தாள், அங்கே ஒன்றுமில்லை. நான் பிளக்கைப் பிடுங்கினால் பிளாஸ்டிக் உருகி நூல் மாதிரி கூடவே வருகிறது, பிளக்கின் காலெல்லாம் கறுப்பு. பன்னிரண்டு காம்பராவுக்கும் ஒரே கூரை, நீயும் தம்பியும் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தீர்கள். அப்படி வாடை வந்தால் பிளக்கில் கை வைக்காதே, முதலில் மெயின் சுவிட்சை நிறுத்து. அன்றைக்கு நான் செய்தது பிழை.

அறையில் ஒரே பொயின்ட்தான் என்றால் கேத்தல் கொதித்து முடிந்த பிறகு ஹீட்டரைப் போடு, தூங்கப் போகுமுன் நிறுத்திவிடு. பொயின்ட் ஆடினால் வீட்டுக்கார அம்மாவிடம் நாளைக்கே சொல்லு, அவர் இழுத்தடித்தால் எனக்குச் சொல்லு, நான் பேசுகிறேன். நல்ல மல்டி பிளக் வாங்கக் காசு போட்டுவிடுகிறேன், சம்பளம் வரட்டும் என்று இருக்காதே. மாற்றியதும் ஒரு படம் அனுப்பு, கட்டிலுக்குக் கீழே தெரிகிற மாதிரி.

அப்பா