மூன்று மாத ஊசிக்கு முன் நாட்கணக்கைச் சொல்லுங்கள்

இராமநாதபுரம் மாவட்டக் கடலோரத்தில் பணியாற்றும் குடும்ப நல அலுவலர்களுக்கும் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களுக்கும் வணக்கம்.

தொண்டிக்கும் மண்டபத்துக்கும் இடைப்பட்ட கடற்கரைக் கிராமங்களில் 26 ஆண்டுகள் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். கருத்தடைக்கும் கருத்தரிப்புக்கும் நம் பெண்களின் உடலில் செலுத்தப்படும் ஹார்மோன்களைப் பற்றி, அவை வேலை செய்யும் காலத்தை அவர்களிடம் நாம் சரியாகச் சொல்வதில்லை என்பதைப் பற்றி, உங்களுக்கு எழுத வேண்டியிருக்கிறது.

பாசி எடுக்கப் போகும் பெண் ஒருத்தி, வயது இருபத்து நான்கு. பாறையில் கிழியாமலிருக்க விரல்களில் சுற்றிய துணியை அவிழ்த்துக்கொண்டே என்னிடம் பேசுவாள். முதல் பிள்ளைக்குப் பிறகு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் கருத்தடை ஊசியான அந்தராவை நான்கு தடவை போட்டுக்கொண்டாள். அடுத்த பிள்ளை வேண்டும் என்று நிறுத்திய பின், கடைசி ஊசி போட்டு ஐந்து மாதமாகியும் மாதவிலக்கு வரவில்லை. ஊசி கர்ப்பப்பையைச் சுட்டுவிட்டது, கெட்ட ரத்தம் உள்ளேயே தங்கிவிட்டது என்று மாமியார் அழுதார். தாலிச் சங்கிலியை அடகு வைத்து மதுரைக்குப் போனார்கள். அங்கே ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, மறுபடி ஸ்கேன். ஒன்பதாவது மாதம் அவளுக்குத் தானாகவே மாதவிலக்கு வந்தது. அடுத்த ஆண்டு பெண் குழந்தை பிறந்தது. சங்கிலி இன்னும் மீளவில்லை.

அவளுக்கு நான்தான் ஊசி போட்டேன். "மாதவிலக்கு கொஞ்சம் முன்னே பின்னே வரும், பயப்படாதே" என்பதற்கு மேல் நான் எதுவும் சொல்லவில்லை. வெளியே வரிசை நின்றது என்பது காரணமாகாது.

சொல்லியிருக்க வேண்டியது இவ்வளவுதான். மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் எஃப்.எஸ்.எச்., எல்.எச். என்னும் இரண்டு ஹார்மோன்களையும் அந்த 150 மில்லிகிராம் மருந்து அடக்கி வைக்கிறது. அவற்றின் ஏவல் குறைந்தால் முட்டை முதிர்ந்து வெளிவருவதில்லை, கர்ப்பப்பையின் உள்தோலும் தடிப்பதில்லை, உதிர ஒன்றும் இல்லாததால் மாதவிலக்கு நின்றுபோகிறது. எந்த ரத்தமும் உள்ளே தேங்குவதில்லை. ஓர் ஆண்டு தொடர்ந்து போட்டுக்கொள்பவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு இப்படி நிற்கும். நிறுத்திய பின் கருத்தரிக்க, கடைசி ஊசியிலிருந்து சராசரியாக 7 முதல் 10 மாதம் ஆகும்; சிலருக்கு அதற்கும் மேல் ஆகும், ஆனால் கருத்தரிக்கும் தன்மை போய்விடுவதில்லை. சீக்கிரமே அடுத்த பிள்ளை வேண்டும் என்பவளுக்கு காப்பர் டியையோ, ஹார்மோன் இல்லாத சாயா மாத்திரையையோ முதலில் எடுத்துச் சொல்லியிருக்கலாம். அந்தரா நல்ல ஊசி. வீட்டில் யாருக்கும் தெரியாமல் தன்னைக் காத்துக்கொள்ள அது ஒன்றே வழியாக இருந்த பெண்களை நான் அறிவேன். அதனால்தான் அதன் பெயர் கெடக்கூடாது என்று தவிக்கிறேன்.

பிள்ளை இல்லை என்று வருபவர்களிடமும் நாட்கணக்கில்தான் தவறுகிறோம். ஓராண்டு சேர்ந்து வாழ்ந்தும் கருத்தரிக்காவிட்டால் பரிசோதிக்க வேண்டும் என்பது விதி. கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் கணவர் வளைகுடாவில் இருப்பார். கல்யாணமாகி ஐந்து வருடம் என்பார்கள். வந்துபோன மூன்று விடுமுறையையும் கூட்டினால் நான்கு மாதம் தேறும். வெளிவந்த முட்டைக்கு ஒரு நாள்தான் ஆயுள், விந்தணுவுக்கு ஐந்து நாள் வரை. நாற்பது நாள் விடுமுறையில் அந்த நாட்கள் ஒருமுறை வரும், மிஞ்சினால் இருமுறை. அது எப்போது என்று கணக்கிட்டுச் சொல்லாமலே அவளை மலடி என்று ஊர் சொல்ல விடுகிறோம். குழந்தையின்மையில் ஏறக்குறைய பாதியில் ஆணின் பங்கும் உண்டு என்றிருந்தும், கணவரின் விந்தணுவைப் பார்க்குமுன் மனைவிக்கு ஆறு ஸ்கேன் முடிந்திருக்கும்.

விசைப்படகு ஆண்கள் கரையில் இருக்கும் காலம் உங்களுக்கே தெரியும்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடைக்காலத்தின் 61 நாட்கள். அப்போது கடலோரத் தாலுகா மருத்துவமனைகளிலேயே விந்தணுப் பரிசோதனை நடக்க ஏற்பாடு செய்யுங்கள். மாதிரி ஒரு மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர வேண்டும் என்பதால், இராமேஸ்வரம் தீவிலிருந்து இராமநாதபுரம் வரை எடுத்துப் போவது பயன் தராது. கதவு தாழிடக்கூடிய ஓர் அறை வேண்டும். பெயரைக் கூப்பிடாமல் எண் கொடுக்க வேண்டும். இவை இரண்டும் இல்லையென்றால் ஒருவரும் வரமாட்டார்கள்.

இன்னொன்று. மதுரையில் பிள்ளை வேண்டிச் சிகிச்சை பெறும் பெண்கள் முட்டை வளர்க்கும் ஊசிகளை வீட்டுக்குக் கொண்டு வருகிறார்கள். குளிரில் வைக்க வேண்டும் என்று சொல்லப்பட்டதால் ஒருத்தி, மீனுக்கு ஐஸ் அடிக்கும் இடத்தில் உடைத்த கட்டி வாங்கி, தூக்குவாளியில் போட்டு அதற்குள் மருந்துக் குப்பியைப் புதைத்திருந்தாள். எடுத்துப் பார்த்தபோது மருந்து உறைந்து வெண்மையாக இருந்தது. அந்தப் புரத மருந்து உறைந்தால் கெட்டுவிடும்; அவளுக்குப் போனது ஒரு குப்பியின் விலை மட்டுமல்ல, ஒரு மாதமும்தான். நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் தடுப்பூசிக்காக 2 முதல் 8 டிகிரியில் குளிர்பெட்டி ஓடிக்கொண்டே இருக்கிறது. இந்தப் பெண்களின் குப்பிகளுக்கும் பெயரெழுதி ஓர் இடம் ஒதுக்க அனுமதியுங்கள். சோதனைக்குழாய் சிகிச்சைக்காக முட்டையை வெளியே எடுப்பதற்கு ஏறக்குறைய 36 மணி நேரம் முன்பு போட வேண்டிய கடைசி ஊசி பெரும்பாலும் இரவில்தான் வரும். மருத்துவரின் சீட்டைப் பார்த்து அதைப் போட்டுவிட, அந்த இரவுக்கு ஒரு செவிலியரை நியமியுங்கள்.

அந்தரா அட்டையில் அடுத்த ஊசிக்கான தேதியை எழுதுகிறோம். அதற்குக் கீழே, "நிறுத்தினால் பிள்ளை உண்டாகப் பத்து மாதம் வரையோ அதற்கு மேலோ ஆகலாம்" என்று ஒரு வரியை அச்சிட்டுக் கொடுங்கள். படிக்கத் தெரியாதவளுக்குச் செவிலியர் வாசித்துக் காட்டட்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர்