ஒற்றைப் பெட்டி ஆம்ப்ளிஃபயர்: வாங்கும் முன் மல்டிமீட்டரை எடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ப்ரீ ஆம்ப் (வால்யூமும் இன்புட் தேர்வும் உள்ள பெட்டி), பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு மோனோ பவர் ஆம்ப் (மோனோபிளாக்), இசைத்தட்டின் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் தனி ஃபோனோ ஸ்டேஜ் என்று அடுக்கி வைத்திருப்பவர்கள் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் அடங்கிய இன்டக்ரேட்டட் ஆம்ப்ளிஃபயராகச் சுருக்கலாம் என்று உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையோடு முழுவதும் உடன்படுகிறேன். பெட்டிகளுக்கு இடையே எர்த் வழியாகச் சுற்றிவரும் 50 ஹெர்ட்ஸ் உறுமல் ஒன்று ஒழிந்தாலே பாதி நிம்மதி. ஆனால் எதை வாங்குவது என்று வரும்போது கட்டுரை வாட் எண்ணை மட்டுமே அளவுகோலாக வைத்துவிட்டது. தேவைக்குப் பல மடங்கு செலவாவது இங்கேதான்.

எத்தனை வாட் தேவை என்பதை வீட்டிலேயே அளந்துவிடலாம். இப்போதுள்ள ஆம்ப்பில், நீங்கள் வழக்கமாகக் கேட்பதிலேயே அதிகமான சத்தத்துக்கு வால்யூமை வையுங்கள். ஆம்ப்பை அணைத்து ஸ்பீக்கர் வயர்களைக் கழற்றுங்கள், வால்யூமைத் தொடாதீர்கள். மறுபடி போட்டு, டிஜிட்டல் பதிவின் முழு அளவைவிட (பாட்டின் உச்சம் இதைத் தாண்டாது) 12 டெசிபல் குறைவாகப் பதிவான 120 ஹெர்ட்ஸ் சைன் டோனை (ஒரே சீரான சோதனை ஒலியை) ஓட்டி, சிவப்பு, கறுப்பு டெர்மினல்களுக்கு இடையே மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்துப் பாருங்கள். இரண்டு முனையும் ஒன்றோடொன்று உரசிவிடக் கூடாது. வால்வ் (கண்ணாடிக் குழாய்) ஆம்ப்பில் இந்தச் சோதனையே வேண்டாம். ஸ்பீக்கர் இல்லாமல் ஓடினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும்.

12 டெசிபல் குறைவு என்றால் வோல்ட்டில் கால் பங்கு. எனவே மீட்டர் காட்டுவதை 4 ஆல் பெருக்குங்கள். 3 வோல்ட் காட்டினால் 12 வோல்ட். 12-ஐ 12-ஆல் பெருக்கி 8 ஓமால் வகுத்தால் 18 வாட். 4 ஓம் ஸ்பீக்கர் என்றால் 36 வாட். பாட்டின் உச்சத்தில்கூட உங்களுக்குத் தேவை இவ்வளவுதான். கைக்காவலுக்கு இரு மடங்கு வைத்துக்கொள்ளுங்கள். 300 வாட் மோனோபிளாக் வைத்திருப்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போவது நல்லது.

அடுத்தது ஓம், அதாவது ஸ்பீக்கரின் மின்தடை. 8 ஓம் என்று அச்சிட்ட ஸ்பீக்கரே சில அதிர்வெண்களில் 4 ஓமுக்கும் கீழே இறங்குவதுண்டு. அங்கே ஆம்ப் கூடுதல் கரண்ட் கொடுத்தாக வேண்டும். அதனால் 8 ஓமுக்கும் 4 ஓமுக்கும் தந்திருக்கும் வாட்டை ஒப்பிட்டுப் பாருங்கள். லக்ஸ்மன் எல்-509எக்ஸ் ஆம்ப் 8 ஓமில் 120 வாட், 4 ஓமில் 220 வாட் என்று ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. 100 வாட் 130-இலேயே நின்றுவிட்டால் பவர் சப்ளைக்கோ அவுட்புட் டிரான்சிஸ்டருக்கோ தெம்பு போதவில்லை என்று பொருள். 1978-இல் வந்த நாட் (NAD) 3020 ஆம்ப் காகிதத்தில் வெறும் 20 வாட்தான். ஆனால் குறைந்த ஓமிலும் தளராமல் நின்றதால் இன்றும் பேசப்படுகிறது.

பலர் கவனிக்காதது கெயின், அதாவது ஆம்ப் சிக்னலை எத்தனை மடங்கு பெருக்குகிறது என்பது. சிடி பிளேயரும் டாக்கும் (DAC, டிஜிட்டலை ஒலி சிக்னலாக மாற்றும் கருவி) 2 வோல்ட் தருகின்றன. எக்ஸ்எல்ஆர் (மூன்று முனை பேலன்ஸ்டு இணைப்பு) வழியாகப் பெரும்பாலும் 4 வோல்ட். பல இன்டக்ரேட்டட்களுக்கோ 0.2 வோல்ட்டே முழு பவருக்குப் போதும். விளைவு, வால்யூம் குமிழ் 9 மணி நிலையைத் தாண்டும் முன்பே காது அடைக்கும். சாதாரண வால்யூம் கன்ட்ரோலில் அந்தத் தொடக்கப் பகுதியில்தான் இடதும் வலதும் சமமாக இராது. இரவில் மெதுவாகக் கேட்டால் பாடகர் ஒரு பக்கமாக நகர்ந்து நிற்பார். ரிலே வழி ரெசிஸ்டர்களை மாற்றும் வால்யூம் உள்ள மாடலோ, இன்புட் அளவைக் குறைக்கும் வசதி உள்ள மாடலோ இதற்குத் தீர்வு.

இசைத்தட்டு கேட்பவர்கள்: எம்எம் (மூவிங் மேக்னட்) கார்ட்ரிட்ஜ், அதாவது ஊசி பொருத்திய தலை, 5 மில்லிவோல்ட் அளவில் தரும், உள்ளே இருக்கும் ஃபோனோ போதும். எம்சி (மூவிங் காயில்) வகை பெரும்பாலும் அரை மில்லிவோல்ட்கூடத் தராது. அதை வைத்திருந்தால் தனி ஃபோனோ ஸ்டேஜை விற்றுவிடாதீர்கள். உள்ளேயே டாக், ஸ்ட்ரீமர் (இணையப் பாட்டு ஓட்டும் பகுதி) இருக்கும் மாடலுக்குக் கூடுதல் விலை கொடுப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். நல்ல ஆம்ப் 25 ஆண்டு உழைக்கும். அந்த டாக், ஸ்ட்ரீமர் சர்க்யூட் போர்டோ சில ஆண்டுகளில் பழையதாகிவிடும்.

ஹோம் தியேட்டர் பைபாஸ் (ஆம்ப்பின் வால்யூமைத் தாண்டி நேரே பவர் பகுதிக்குப் போகும் இன்புட்) இருந்தால் அந்தச் சாக்கெட்டில், சொந்த வால்யூம் உள்ள ஏவி ரிசீவரைத் (ஹோம் தியேட்டர் ஆம்ப்பை) தவிர வேறெதையும் செருகாதீர்கள். அங்கே வால்யூம் கன்ட்ரோல் கிடையாது. சிடி பிளேயரைத் தவறுதலாகக் கொடுத்தால் முழு பவரும் ஸ்பீக்கரில் இறங்கும்.

நம் ஊர் வெயிலில் கிளாஸ் ஏ ஆம்ப் (எப்போதும் முழுக் கரண்ட் ஓடும் வகை) யோசித்து வாங்க வேண்டியது. இடம், வலம் என்று பக்கத்துக்கு 30 வாட் தருவதே, பாட்டு ஓடாதபோதும், குறைந்தது 120 வாட்டை வெப்பமாகக் கக்கும். மூடிய டிவி யூனிட்டுக்குள் வைத்தால் கெப்பாசிட்டர்கள் சீக்கிரம் உலரும். ஜப்பானிலிருந்து தருவிக்கும் பழைய செட்டுகளில் பின்பக்கம் 100 வோல்ட் என்றிருக்கிறதா பாருங்கள். இருந்தால் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் என்று இன்னொரு கனத்த பெட்டி வீட்டுக்குள் வரும், சுருக்கியது எதற்கு?

கடைசியாக, பழைய செட்டை விற்கும் முன் பழையதையும் புதியதையும் ஒப்பிட்டுக் கேளுங்கள். அதே டோன், அதே மீட்டர்: ஒன்று 3.00 வோல்ட் காட்டினால் மற்றது 2.97-க்கும் 3.03-க்கும் நடுவே இருக்கட்டும். இம்மி கூடுதல் சத்தமும் காதுக்குக் கூடுதல் தெளிவாகவே படும். அளவு ஒத்துப்போகாமல் சொல்லும் தீர்ப்பை நம்பி எதையும் விற்கவும் வேண்டாம், வாங்கவும் வேண்டாம்.

இப்படிக்கு,
ஆடியோ சர்வீஸ் டெக்னீஷியன்,
கோயம்புத்தூர்.