அலெப்போவை விட்டுவிட்டாரே!

ஆசிரியருக்கு வணக்கம்.

ஐரோப்பியக் கிறிஸ்தவர்கள் மேற்காசியாவில் நிறுவிய சிலுவைப்போர் அரசுகள் நான்கும் (எருசலேம், அந்தியோக்கியா, திரிபோலி, எடெஸ்ஸா) ஒரே மன்னனின் கீழ் வந்திருந்தால், பின்னாளில் எருசலேமைப் பிடித்த சலாவுதீன் தலையெடுத்திருக்கவே முடியாது என்று சென்ற இதழில் ஒரு கற்பனை வரலாற்றுக் கட்டுரை வந்திருந்தது. சுவையாகத்தான் இருந்தது. ஆனால் அதற்காகக் கட்டுரையாளர் ஒரு அரச கல்யாணத்தையே ஜோடித்திருக்க வேண்டாம். அந்த நிலை நிஜமாகவே ஒருமுறை வந்து போயிருக்கிறது.

1119இல் 'இரத்த வயல்' போரில் அந்தியோக்கியாவின் ரோஜர் மடிந்தார். வாரிசு இத்தாலியில் இருந்த சிறுவன். அதனால் எருசலேம் மன்னர் இரண்டாம் பால்ட்வின் அந்தியோக்கியாவையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டார். 1122இல் அடிபணிய மறுத்த திரிபோலியின் போன்ஸ், படை கிளம்பியதும் வழிக்கு வந்தார். அதே ஆண்டு எடெஸ்ஸாவின் ஜோசலின் எதிரியிடம் சிக்க, அதுவும் பால்ட்வின் தலையில் விழுந்தது. ஆக நான்கும் ஒரு கையில்! இத்தனைக்கும் 1108இல் எடெஸ்ஸா கோமானாக இருந்தபோது, ஒரு துருக்கியத் தளபதியைச் சேர்த்துக்கொண்டு அந்தியோக்கியாவின் டான்கிரெட்டோடு மோதியவர் இவர். டான்கிரெட் பக்கம் சிரியாவின் அலெப்போ நகரை ஆண்ட முஸ்லிம் மன்னர் ரித்வான் நின்றார். மதப்போராம்!

சரி, அந்த ஒற்றுமை எத்தனை நாள் தாங்கியது? 1123 ஏப்ரலில் ஜோசலினை மீட்கப் போன இடத்தில், கார்கர் அருகே வல்லூறை விட்டு வேட்டையாடிக்கொண்டிருந்த மன்னரை, ஜோசலினைச் சிறைவைத்திருந்த துருக்கியத் தலைவர் பலக் பிடித்துக்கொண்டு போய்விட்டார். எருசலேமுக்கும் அந்தியோக்கியாவுக்கும் நடுவே சுமார் 500 கிலோமீட்டர். வடக்கே ஒவ்வொரு சண்டைக்கும் ஓடும் மன்னர்மேல் எருசலேம் பிரபுக்களுக்கு ஏற்கெனவே புகைச்சல். அவர் சிறையில் இருந்தபோது சிலர் பிளாண்டர்ஸ் கோமான் சார்லஸுக்கு மகுடம் தர முன்வந்ததாக அக்காலத்தில் வாழ்ந்த புரூஜ் நகர கால்பர்ட் எழுதி வைத்திருக்கிறார். இன்னொரு வேடிக்கை: 1124 ஜூலையில் வெனிஸ் கப்பற்படையின் துணையோடு டயர் துறைமுகத்தைப் பிடித்தபோதும் மன்னர் சிறையில்தான் இருந்தார்.

ஆகவே ஒரே ராஜா என்பதை நான் பெரிதாக நினைக்கவில்லை. எதிர்ப்பக்கம் அலெப்போ, மோசுல், டமாஸ்கஸ், கெய்ரோ என்று சிதறிக் கிடந்ததுதான் இவர்களுக்குக் கைகொடுத்தது. கட்டுரையாளர் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவர் மாற்றி எழுத வேண்டிய இடம் 1125 ஜனவரி. மகளைப் பிணையாக வைத்து விடுதலையான பால்ட்வின் நேராகப் போய் அலெப்போவை முற்றுகையிட்டார். ஊர் பட்டினியில் துவண்டு கிடந்தது. கடைசி நேரத்தில் மோசுலின் அல்-புர்சுகி படையோடு வர, முற்றுகை கலைந்தது. அவர் வராமல் இருந்திருந்தால் 1128இல் மோசுலின் அடுத்த ஆட்சியாளர் சங்கி (Zengi) கையில் எடுக்க அலெப்போ இருந்திருக்காது. 1144இல் அவர் எடெஸ்ஸாவைப் பிடித்திருப்பதும் சந்தேகம்தான். அடுத்த இதழில் அந்தக் கதையை எழுதச் சொல்லுங்கள்.

- ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், நாகர்கோவில்