மகனிடம் மறுபடியும் கேட்டவர்களுக்கு

அன்புடையீர்,

குலசேகரம் பக்கத்தில் ரப்பர் பால்வெட்டுகிறவன் நான். ஆட்டிசம் உள்ள என் 20 வயது மகனுக்காக இதை எழுதுகிறேன்.

ஒரு விடியற்காலையில் என் பால்வெட்டுக் கத்தியைக் காணவில்லை. ஒட்டுப்பால் சாக்கின் அடியில், மூன்று உறைகளில் சுற்றி நூலால் இறுக்கிக் கட்டிக் கிடந்தது. ஒளித்தவன் மகன். பதறிப்போய் ஒரு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம். "யாரையாவது வெட்டவேண்டும் என்று எண்ணம் வருகிறதா?" என்று கேட்டார்கள். "வருகிறது. அம்மாவை" என்றான், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். கேட்டதற்கு உள்ளதைச் சொல்வதுதான் அவன் வழக்கம். அதோடு கேள்வி முடிந்தது, மாத்திரை கூடியது. பகலெல்லாம் தூங்கினான். அவன் அம்மா கதவைத் தாழிட்டுப் படுத்தாள். நானும் அவனைக் கண்டு பயந்தேன். அது இன்னும் வலிக்கிறது.

14416 என்ற அரசு மனநல உதவி எண்ணைத் துண்டுத்தாளில் எழுதித் தந்த கிராம சுகாதார செவிலியர் அக்காவுக்கு நன்றி. 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி மகன் தன் அடிப்படை மருத்துவப் பதிவுகளைக் கேட்டுப் பெறலாம் என்று சொன்னதும் அவர்தான். நள்ளிரவில் அந்த உதவி எண்ணில் என் புலம்பலைப் பொறுமையாகக் கேட்ட அந்த முகம் தெரியாத குரலுக்கும் நன்றி.

நாகர்கோவிலில் பார்த்த மருத்துவர் அம்மாவுக்கு என்ன சொல்வேன்! சத்தம் அவனை வாட்டுவதைக் கண்டு மின்விசிறியை நிறுத்தினார். கண்ணைப் பார்த்துப் பேசு என்று அதட்டவில்லை. கேள்வியைத் தாளில் எழுதி நீட்டினார்: "அந்த எண்ணம் வந்தால் என்ன செய்வாய்?" அவன் எழுதினான்: "பயம். கத்தியை ஒளிப்பேன். அம்மா சாகக் கூடாது."

அந்தத் தாளைப் பார்த்து நான் அழுதுவிட்டேன்.

ஒரே நாளில் அவர் முடிவு சொல்லவில்லை. பல முறை அவனைப் பார்த்து, எங்களையும் தனித்தனியே விசாரித்த பிறகே விளக்கினார். இது வெட்ட நினைப்பவனின் எண்ணம் அல்ல, வேண்டாம் என்று விரட்ட விரட்டத் திரும்ப வரும் எண்ணம்; ஓசிடி என்ற மனநலக் கோளாறு. ஆட்டிசம் உள்ளவர்களிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறதாம். பழைய மாத்திரைகளைப் படிப்படியாகக் குறைத்து, ஓசிடிக்கான மருந்தைத் தொடங்கினார்.

உளவியலாளர் தம்பி, முதலில் கத்தியின் படத்தைக் காட்டினார். பிறகு மேசையில் கத்தி. பிறகு அம்மா பக்கத்தில் இருக்கும்போதே கத்தி. அவன் அதை ஒளிக்க எழாமல் இருக்க, பயம் தானாக அடங்கும்வரை அவனோடு உட்கார்ந்திருந்தார். ஒருநாளும் அவசரப்படுத்தவில்லை.

ஒவ்வொரு முறையும் ஹாரன் அடிக்காமல் மெதுவாக ஓட்டிய ஆட்டோக்கார அண்ணனையும் மறக்க மாட்டோம்.

எண்ணம் இன்னும் சில நாள் வருகிறது. வந்தால் அம்மாவிடமே போய்ச் சொல்கிறான். அவள் பலாக்கொட்டை நறுக்கிக்கொண்டே கேட்கிறாள்.

நன்றியுடன்,
ஒரு தகப்பன்